அடிபட்டு வரும் இளையவர்களுக்கு நம்மிடமிருந்து என்ன வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவசர சிகிச்சைப் பிரிவில் 19 வருடம் நர்ஸாக இருந்திருக்கிறேன். சில வருடங்களாகப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. அடிதடி, கத்திக்குத்து, பாலியல் வன்முறை, வீட்டுக்குள் நடக்கும் கொடுமை, காதலன் கை நீட்டியது என்று வந்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நர்ஸ்கள், பயிற்சி டாக்டர்கள், எக்ஸ்ரே எடுப்பவர்கள், பதிவு மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்டவை இவை. கேட்டவர்களின் வார்த்தையை முடிந்தவரை மாற்றாமல் வைத்திருக்கிறேன். இளையவர் என்று நான் சொல்வது ஏறக்குறைய 10 வயது முதல் 24 வயது வரை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், அந்தப் பகுதியை உங்கள் இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"என் வேலை காயத்துக்கு மருந்து போடுவது. அடித்தது யார், ஏன் என்பதெல்லாம் எனக்கு எதற்கு?"

வழக்கு விசாரிக்க வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. ஆனால் தையல் போட்டு அனுப்பிய பிள்ளை இரண்டு மாதம் கழித்து அதைவிடப் பெரிய காயத்தோடு வந்தால், முதல் தடவை நாம் பார்த்த சிகிச்சை பாதிதான் முடிந்திருக்கிறது. பல பிள்ளைகளுக்கு, வீட்டுக்கு வெளியே இருக்கிற ஒரு பெரியவர் கதவை மூடிவிட்டுத் தன்னிடம் மட்டும் பேசுகிற ஒரே இடம் மருத்துவமனைதான்.

பெற்றோரே பிள்ளையை எலும்பு முறியும் அளவுக்கு அடிக்கலாம் என்பதை மருத்துவ உலகமே வெகுநாள் பார்க்க மறுத்தது. ஹென்றி கெம்ப் என்ற குழந்தைநல மருத்துவரும் கூட இருந்த டாக்டர்களும் 1962இல் அதைக் கட்டுரையாக எழுதிப் பெயர் வைத்த பிறகுதான் பலருக்குக் கண் திறந்தது. அதற்கு முன்பும் எக்ஸ்ரேயில் அந்த முறிவுகள் தெரிந்துகொண்டுதான் இருந்தன.

"முதல் அஞ்சு நிமிஷத்தில் என்ன செய்யணும்?"

உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் பெயரைக் கேளுங்கள். திரையை இழுத்து மூடுங்கள். வலிக்கு மருந்து கொடுங்கள். கேள்வி எல்லாம் அதற்கப்புறம். தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடுங்கள்: "இப்போ உன் இடது கையைத் தூக்கிப் பார்க்கப் போறேன், பார்க்கலாமா?" வேண்டாம் என்று சொன்னால், உயிருக்கு ஆபத்து இல்லாத பட்சத்தில், நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். 15 வயதுப் பெண் ஒருத்திக்கு ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றினேன். எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை, வாய் திறக்காமலே செய்தேன். பட்டை காற்றடைத்து இறுக ஆரம்பித்ததும் அவள் தோள் காது வரை ஏறிவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு சுவரையே பார்த்தாள். அவள் கையை யாரோ அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். பட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, "இது இப்படி இறுகும், அரை நிமிஷம் இருக்கும், தானாகவே விட்டுடும். நீயே சுத்திக்கிறியா?" என்று கேட்டேன். அவளே சுற்றிக்கொண்டாள். எந்தக் கையில் ஊசி போடலாம், உட்கார்ந்திருப்பாயா படுத்துக்கொள்வாயா என்று கேட்பது நமக்கு ஒன்றுமில்லாத விஷயம். தன் உடம்பில் நடப்பதைத் தடுக்க முடியாமல் போய் வந்திருக்கிற பிள்ளைக்கு அதுதான் முதல் மருந்து.

"பதினாறு வயசுப் பையனை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா?"

அவனையே கேளுங்கள். "உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?" என்ற ஒரு கேள்வி போதும். நான் பதின்வயதுக்காரர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். 18 தாண்டியவர்களை "நீங்க" என்றே ஆரம்பிப்பேன். அவர்களே "நீன்னே சொல்லுங்க அக்கா" என்றால் மாறிக்கொள்வேன்.

"செல்லம்", "கண்ணா", "பாப்பா" எல்லாம் அன்பில்தான் வருகின்றன, தெரியும். ஆனால் அடித்த ஆளும் அவளைச் "செல்லம்" என்று கூப்பிட்டிருக்கலாம். அவளாகச் சொல்லாமல் நமக்கு அது தெரிய வழியில்லை. பெயரில் அந்த ஆபத்து இல்லை.

"நேரடியாகக் கேட்டால் பயந்துட மாட்டாங்களா? எப்படித்தான் கேட்பது?"

கேட்பதைவிடக் கேட்காமல் விடுவதுதான் அவர்களை அதிகம் ஒதுக்குகிறது. பல பிள்ளைகள் யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கிறார்கள். தனியாக இருக்கும்போது, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகக் கேளுங்கள்: "இந்த மாதிரிக் காயம் சில சமயம் யாராவது அடிச்சா வரும். உனக்கு அப்படி ஏதாவது நடந்துச்சா?" காயத்துக்கும் சொல்லும் காரணத்துக்கும் பொருத்தம் இல்லை என்றால் அதையும் குற்றம்சாட்டாமல் சொல்லலாம்: "படியில விழுந்தா பொதுவா இந்த இடத்துல அடிபடாது. அதான் கேட்கிறேன்."

பேச ஆரம்பித்தால் பேச விடுங்கள். "அப்புறம்?", "அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லு" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "மாமாதான் அடிச்சாரா?" என்று நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள், அது பிள்ளையையும் குழப்பும், பின்னால் வழக்கு என்று வந்தால் அதையும் கெடுக்கும். சிகிச்சைக்கும் பாதுகாப்புக்கும் தேவையானது தெரிந்தால் போதும். முழுக் கதையையும் நான்கு பேரிடம் நான்கு தடவை சொல்ல வைப்பது நாம் செய்கிற இன்னொரு கொடுமை. உலக சுகாதார நிறுவனம் முதல் நிலை உதவியாகச் சொல்வதும் இதை ஒட்டித்தான்: காது கொடுத்துக் கேள், என்ன தேவை என்று விசாரி, நம்புகிறேன் என்று காட்டு, பாதுகாப்பைப் பார், அடுத்த உதவிக்கு வழி செய்.

பேசி முடித்ததும் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களை மனப்பாடமே செய்து வைத்துக்கொள்ளுங்கள். "நீ சொன்னதை நம்புறேன்." "இது உன் தப்பு இல்லை." "சொன்னது நல்லது." "ஒண்ணும் ஆகாது", "மறந்துடு", "நடந்தது நடந்துபோச்சு" ஆகியவை நம் வாயில் தானாக வரும். அவற்றைத் தவிர்க்கவும் பழக வேண்டும்.

"அம்மா அறையை விட்டு நகரவே மாட்டேங்கிறாங்க. அவங்களை எப்படி வெளியே அனுப்புவது?"

அவர்களை மட்டும் அனுப்புவதாகத் தோன்றக் கூடாது. "பத்து வயசுக்கு மேல எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியா பேசுவோம், இங்க அதுதான் வழக்கம்" என்று சொல்லுங்கள். உங்கள் பிரிவில் உண்மையிலேயே அதை வழக்கமாக்கிவிடுங்கள். எக்ஸ்ரே அறைக்குப் போகும் வழியும் நல்ல வாய்ப்பு, ஏனென்றால் அங்கே கூட வருகிறவர் வெளியில்தான் நிற்க வேண்டும். எக்ஸ்ரே எடுப்பவர்களே, நீங்கள் பல சமயம் டாக்டரைவிட அதிகம் கேட்கிறீர்கள். கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் பொறுப்பு நர்ஸிடம் வந்து சொல்லுங்கள்.

மொழி தெரியாத பிள்ளைக்குக் கூட வந்த உறவினரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். போனிலாவது வேறு ஆளைப் பிடியுங்கள். அதே நேரம், பரிசோதனையின்போது அம்மா கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளை கேட்டால் அது அதன் உரிமை. யார் உள்ளே இருக்கணும் என்று தனியாக இருக்கும்போது கேட்டு வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் வழி கிடைக்கும்.

"'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க' என்கிறாள். பண்ணலாமா?"

கூடாது. சத்தியம் பண்ணிவிட்டு மீறினால், பெரியவர்கள் எல்லோரும் ஒன்றுதான் என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். பல நாடுகளில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மீதான வன்முறையைத் தெரிவிப்பது நம் சட்டக் கடமை. அதனால் எல்லையை அவள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்: "நீ சொல்றதை வெளியே பேச மாட்டேன். ஆனா உன்னை யாராவது கொடுமைப்படுத்துறாங்கன்னோ, உன் உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னோ தெரிஞ்சா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லியே ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். யாரிடம் தெரிவிக்கப் போகிறோம், என்ன சொல்லப் போகிறோம், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்குச் சொல்லுங்கள். போன் பண்ணும்போது கூட இருக்க விரும்பினால் இருக்கட்டும். 1989இல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்துக்குக் காது கொடுக்க வேண்டும் என்கிறது. முடிவு அவள் கையில் இல்லாமல் போகலாம். அவளிடம் கேட்காமல் இருக்க அது காரணம் ஆகாது.

"அவ அழவே இல்லை. நடுவுல சிரிக்கக்கூடச் செஞ்சா. நிஜமாவே நடந்திருக்குமா?"

நடந்திருக்கலாம். அதிர்ச்சிக்கு ஒரே முகம் கிடையாது. ஒருத்தி கதறுவாள், ஒருத்தி போனை நோண்டிக்கொண்டிருப்பாள், ஒருவன் எரிந்து விழுவான், இன்னொருவன் தூங்கிவிடுவான். சிரிப்பு பதற்றத்திலும் வரும். சொல்வது முன்னுக்குப் பின் முரணாக இருப்பதும் சாதாரணம். கடும் பயத்தில் நினைவு துண்டு துண்டாகப் பதிகிறது. கதவின் நிறம் ஞாபகம் இருக்கும், எத்தனை மணி என்பது இருக்காது. முகபாவத்தை வைத்து உண்மை பொய்யை அளக்கும் வேலையை நாம் விட்டுவிட வேண்டும். இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் "இவ நடிக்கிறா" என்று டியூட்டி மேசையில் யாரோ சொன்ன ஒரு சொல் அடுத்த மூன்று ஷிப்ட்டுக்கும் அந்தப் பிள்ளையின் கூடவே போவதைப் பார்த்திருக்கிறேன்.

"சரி, ஏன் கத்தலை, ஏன் இத்தனை நாள் சொல்லலை என்றாவது கேட்க வேண்டாமா?"

வேண்டாம். பயத்தில் உடம்பு உறைந்துபோவது மூளை தானாகச் செய்வது. கை கால் அசையாது, குரல் எழும்பாது. "ஏன் கத்தலை?" என்பது நம் காதில் கேள்வி, அவர்கள் காதில் தீர்ப்பு. சிகிச்சைக்கு எப்போது நடந்தது என்பது தெரிய வேண்டும், அதற்கு "எப்போ?" என்று கேட்டால் போதும், "ஏன்" தேவையில்லை. எப்போது என்பது எதற்கு என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

"பாலியல் வன்முறை என்றால் எந்த மருந்துக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும்; 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு அவசரக் கருத்தடை 5 நாள் வரை, அதாவது 120 மணி நேரம் வரை கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பலனைக் குறைக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையைக் கொடுப்பதாக இருந்தால் 1.5 மில்லிகிராம், ஒரே தடவை. மாத்திரை சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி கொடுக்க வேண்டும். இதோடு பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்து, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கர்ப்பப் பரிசோதனை. 28 நாள் மாத்திரையில் குமட்டல் வரும், பல பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவார்கள். அதை முன்கூட்டியே சொல்லி, குமட்டலுக்கும் மாத்திரை கொடுத்து, ஒரு வாரத்தில் கூப்பிட்டு விசாரியுங்கள்.

போலீசில் புகார் கொடுத்தால்தான் மருந்து என்று யாராவது சொன்னால் அது தவறு. சிகிச்சையும் புகாரும் வேறு வேறு. தடயம் எடுக்க அவர்கள் சம்மதித்தால், எடுக்கும்வரை குளிக்காமல் இருப்பது நல்லது. உடைகளைப் பிளாஸ்டிக்கில் போடாமல் காகிதப் பையில் போடுங்கள், ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஏற்கனவே குளித்துவிட்டு வந்திருந்தால் "அய்யோ, குளிச்சிட்டியா" என்று சொல்லாதீர்கள். மாற்று உடையை அலமாரியில் தயாராக வையுங்கள். ஆஸ்பத்திரி அங்கியோடு வீட்டுக்குப் போக எந்தப் பிள்ளையும் விரும்பாது.

"பரிசோதனையில் எந்தக் காயமும் இல்லை. அப்போ எதுவும் நடக்கலைன்னுதானே அர்த்தம்?"

இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் உடல் பரிசோதனை இயல்பாகத்தான் இருக்கும். அந்தப் பகுதித் திசு சீக்கிரம் ஆறிவிடும். பல வகை வன்முறை காயமே உண்டாக்காது. அதனால் "காயம் இல்லை, இது வன்முறை நடக்கவில்லை என்று காட்டாது" என்று எழுத வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை, கன்னித்தன்மைச் சோதனை எதற்கும் மருத்துவ அடிப்படை இல்லை. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் மனித உரிமை அலுவலகமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் சேர்ந்து அதை ஒழிக்கச் சொல்லிவிட்டன. உங்கள் மூத்தவர் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கன்றிய இடத்தின் நிறத்தைப் பார்த்து "இது மூணு நாள் பழசு" என்று சொல்வதையும் விட்டுவிடலாம். அது நம்பகமான கணக்கு கிடையாது.

"கழுத்தைப் பிடிச்சான்னு சொல்றா, ஆனா தடம்கூட இல்லை. வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

அனுப்பாதீர்கள். கழுத்து நெரிக்கப்பட்ட பலருக்கு வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே ரத்தக்குழாயின் சுவர் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்க வலிக்கிறதா, கண்ணிலோ இமையிலோ சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, நினைவு தப்பியதா, தன்னையறியாமல் சிறுநீர் போனதா என்று கேளுங்கள், பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் உடனே மூத்த டாக்டரைக் கூப்பிடுங்கள். கழுத்தை நெரிக்கிற துணை பின்னால் கொலைவரை போகும் ஆபத்து அதிகம். அவளிடம் இதைப் பயமுறுத்தாமல், ஆனால் மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

"கத்திக்குத்து வாங்கி வர்றவங்க பாதிப் பேர் ரவுடிப் பசங்கதானே? அவங்களுக்கும் இதே மரியாதையா?"

இதே மரியாதைதான். இந்தக் கேள்வியைத் தணிந்த குரலில், மற்றவர்கள் போன பிறகு வந்து கேட்பார்கள். கேட்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

வயிற்றில் குத்துப்பட்டு வந்த ஒரு 17 வயதுப் பையன். சட்டையைக் கத்திரியால் வெட்டி எடுத்தோம், அது சரிதான், வேறு வழியில்லை. அறுவை முடிந்து கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "என் சட்டை எங்கே?" வார்டில் இருந்தவர்கள் அதைத் திமிர் என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது, அது அவன் தங்கை வாங்கிக் கொடுத்த சட்டை. நெற்றியில் வியர்வை, போர்வையை நெஞ்சுவரை இழுத்துப் பிடித்திருந்தான், யாராவது கதவைத் திறந்தால் உடம்பு அதிர்ந்தது. அவனை "ரவுடி" என்று எழுதியிருந்தால், அந்த அதிர்வு எங்கள் கண்ணில் பட்டிருக்காது. வலி மருந்தையும் இந்தப் பையன்களுக்கு நாம் தாமதமாகத்தான் கொடுக்கிறோம். உங்கள் வார்டு ஏட்டைப் புரட்டி நேரத்தைப் பாருங்கள்.

இவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டியவை மூன்று. குத்தியவர்கள் தேடி வருவார்களா? வெளியே போனால் பாதுகாப்பான இடம் இருக்கிறதா? திருப்பி அடிக்கிற எண்ணம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பலர் உண்மையே சொல்வார்கள், ஏனென்றால் யாரும் அவர்களை அதுவரை கேட்டதில்லை. கட்டிலில் கிடக்கும் அந்த இரண்டு மூன்று நாளில்தான் வேறு வழி பற்றிப் பேச மனம் திறந்திருக்கும். பல நாடுகளில் அதற்கென்றே, அதே தெருக்களில் வளர்ந்த ஆட்களை வார்டுக்கு அனுப்பி, வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் தொடர்பு வைத்திருக்கும் திட்டங்கள் நடக்கின்றன. வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடை அறுவை நிபுணர், அடிபட்டு வருகிறவர்களிடம் எங்கே, எப்போது, எதனால் என்று மட்டும் கேட்டு, பெயரை நீக்கிவிட்டு நகர நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆபத்தான இடங்களும் நேரங்களும் தெரியவந்து, அங்கே வன்முறைக் காயங்களே குறைந்தன. பதிவு மேசையில் கேட்ட சில கேள்விகள் செய்த வேலை அது.

போலீஸ் கட்டிலருகே நின்றால், சிகிச்சை முடியும்வரை வெளியே காத்திருக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா என்பதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அந்த விவாதம் நடத்த முடியாது.

"ஆம்பளைப் பசங்களுக்கும் பாலியல் வன்முறை நடக்குமா? எப்படிக் கேட்பது?"

நடக்கிறது, பெண்களைவிடத் தாமதமாகச் சொல்கிறார்கள். கேட்கும் விதம் அதேதான். கூடுதலாக ஒன்று: அந்த நேரத்தில் உடம்பு எழுச்சி காட்டியிருந்தால், "அப்போ எனக்கும் அது பிடிச்சிருந்ததா" என்று உள்ளுக்குள் நொந்துகொண்டிருப்பான். தொட்டால் உடம்பு காட்டும் எதிர்வினை அது, சம்மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவன் கேட்கட்டும் என்று காத்திருந்தால் கேட்கவே மாட்டான். 72 மணி நேரக் கணக்கு அவனுக்கும் உண்டு.

"பேச வராத பிள்ளையிடம் என்ன செய்வது?"

கூட வந்தவரிடம் பேசாமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். படம், எழுத்து, சைகை, தலையசைப்பு என்று வீட்டில் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். குளிப்பாட்டி, உடை மாற்றிப் பார்த்துக்கொள்கிறவரே கொடுமை செய்கிறவராகவும் இருக்கலாம். அதனால் தனியாகப் பார்ப்பது இங்கே இன்னும் முக்கியம். அவசரப்பட்டால் எதுவும் கிடைக்காது.

"கேஸ் ஷீட்டில் எப்படி எழுதணும்?"

அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். "நோயாளி கூறிக்கொள்கிறார்", "மறுக்கிறார்" போன்ற சொற்களில் சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "சொன்னார்" என்றால் போதும். காயத்தின் இடம், நீளம், வடிவம் எல்லாவற்றையும் அளந்து உடல் வரைபடத்தில் குறியுங்கள். தேதி, நேரம், யார் அறையில் இருந்தார்கள் என்பதும் வேண்டும். உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள்.

அந்தக் கோப்பை வேறு யார் திறந்து படிக்க முடியும் என்பதையும் யோசியுங்கள். பெற்றோரின் போனுக்குப் போகும் பரிசோதனை முடிவுக் குறுஞ்செய்தியாலேயே அடி வாங்கிய பிள்ளைகள் உண்டு.

"உடனே கவுன்சலிங் அனுப்பிட்டா நல்லதா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா?"

நடந்ததை எல்லாம் முதல் நாளே ஒரே மூச்சில் கொட்ட வைக்கும் அமர்வு உதவாது. உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்கிறது. அதிர்ச்சிக்கு முதல் மாதத்தில் டயஸிபாம் வகை (பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும்) மாத்திரைகளையும் கொடுக்க வேண்டாம் என்று 2013இல் வந்த அதன் வழிகாட்டி சொல்கிறது. முதல் சில வாரம் தூக்கம் கெடும், கெட்ட கனவு வரும், சத்தத்துக்குத் துள்ளும். பலருக்குத் தானாகவே குறையும். இதைப் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் முன்னாலேயே சொன்னால், பைத்தியம் பிடிக்கிறதோ என்ற பயம் போகும். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் அதிர்ச்சிக்கான பேச்சு சிகிச்சை தெரிந்தவரிடம் அனுப்புங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி ஆவதில்லை. இருக்கிறது என்றால் அன்றே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும், தனியாக விடக்கூடாது.

"வீட்டுக்கு அனுப்பும்போது என்ன பார்க்கணும்?"

"இன்னைக்கு ராத்திரி எங்கே படுப்பே? அங்கே யார் இருப்பாங்க?" இந்த இரண்டும் பிரஷர், நாடித்துடிப்பு போலக் கட்டாயம். பதில் வர நேரமானால், அதுவே பதில். போனை யார் பார்ப்பார்கள், எந்த எண்ணுக்கு எப்போது கூப்பிடலாம் என்று கேளுங்கள். கையேடு கொடுப்பதற்கு முன், அது வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால் ஆபத்தா என்று கேளுங்கள். உதவி எண்ணைத் தோழி பெயரில் பதிந்துகொள்ளச் சொல்லலாம். "ஏதாவதுன்னா வா" என்று சொல்லி அனுப்பாமல், தேதியும் நேரமும் பார்க்கப் போகிறவரின் பெயரும் சொல்லி அனுப்புங்கள்.

"எனக்கு 17 வயசு. டாக்டர் கேட்டா எல்லாத்தையும் சொல்லியே ஆகணுமா?"

இதை ஒரு பெண் கட்டிலில் இருந்தபடி என்னிடம் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே உனக்கும் சொல்கிறேன். சொல்லியே ஆகணும் என்று இல்லை. எங்கே வலிக்கிறது, எப்போது நடந்தது என்பது மட்டும் தெரிந்தால் சரியான மருந்து கொடுக்க முடியும். மற்றதை உனக்கு முடியும்போது, நீ நம்புகிறவரிடம் சொல்லலாம். பாதியில் நிறுத்தலாம். பரிசோதனையையும் நிறுத்தச் சொல்லலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். யாரிடமெல்லாம் இது போகும் என்று, பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் நீயே கேள். அதற்கு நேராகப் பதில் சொல்வது எங்கள் கடமை.

"ஒரு நோயாளிக்குப் பத்து நிமிஷம்கூட கிடைக்காத வார்டில் இதெல்லாம் நடக்குமா?"

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை நேரம் கேட்பதில்லை. பெயர் சொல்வது, திரை இழுப்பது, கேட்டுவிட்டுத் தொடுவது எல்லாம் ஏற்கனவே செய்கிற வேலைக்குள் அடங்கும். நின்றபடி எட்டு நிமிடம் பேசுவதைவிட உட்கார்ந்து மூன்று நிமிடம் பேசினால் பிள்ளை அதிகம் சொல்லும். உங்களால் முடியாது என்றால் அதையும் சொல்லுங்கள்: "இப்போ போகணும், நாலு மணிக்கு வர்றேன்." நாலு மணிக்கு வந்துவிடுங்கள்.

"தப்பா ஒண்ணு சொல்லிட்டேன். இப்போ என்ன பண்றது?"

திரும்பிப் போய் மன்னிப்புக் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காதலன் அடித்து உதடு கிழிந்து வந்த பெண்ணிடம், "இப்படிப்பட்டவன்கூட ஏன்மா இருக்கே?" என்று கேட்டேன். அக்கறையில்தான் கேட்டேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை, டாக்டரிடமும் "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்று மாற்றிச் சொல்லிவிட்டாள். நான் திரும்பிப் போகவில்லை, வெட்கமாக இருந்தது. இன்றுவரை அது என் கணக்கில் இருக்கிறது. பிறகு இன்னொரு தடவை வேறொரு பையனிடம் அப்படி வாய் தவறியபோது, அரை மணி நேரம் கழித்துப் போய், "நான் கேட்ட விதம் தப்பு, உன்மேல பழி போடுற மாதிரி ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோ" என்றேன். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டு அவன் பார்த்ததில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தான்.

"எனக்கே சின்ன வயசில் இது நடந்திருக்கு. நான் இந்த வேலைக்குச் சரிப்படுவேனா?"

சரிப்படுவீர்கள். உங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறார்கள், சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். உங்கள் கதையைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம்; அந்த நேரம் அவர்களுடையது. ஏதாவது ஒரு கட்டிலுக்குப் போகக் கால் நகரவில்லை என்றால், "இந்தக் கேஸை நீங்க பார்த்துக்கிறீங்களா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. பொறுப்பு நர்ஸ்களே, உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் ஏன் என்று கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். ஷிப்ட் முடிந்து கைகழுவும் இடத்தில் அவர் வெகுநேரம் நின்றால், பக்கத்தில் போய் நில்லுங்கள்.